24 அடி அகல மனை, 16 அடித் தெரு, தண்டையார்பேட்டை: 8 ஃப்ளாட் நிஜமாகவே வருமா?

தண்டையார்பேட்டை பேரன்:

எல்லாருக்கும் வணக்கம். தண்டையார்பேட்டையில் தாத்தா கட்டிய வீடு ஒன்று இருக்கிறது. மனை ஒரு கிரவுண்ட், 2400 சதுர அடி. ஆனால் நம்ம பக்கத்துக்கே உரிய வடிவம்: முகப்பு 24 அடிதான், உள்ளே 100 அடி போய்க்கொண்டே இருக்கும். மெட்ராஸ் டெரஸ் கூரை (மரத்துலாம் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும்), நடுவில் முற்றம், வடக்குப் பக்கம் பக்கத்து வீட்டோடு பொதுச்சுவர். தெரு அகலம் 16 அடி இருக்கலாம், வண்டிகள் நின்றால் அதுவும் இல்லை. அப்பா, பெரியப்பா, அத்தை மூன்று பேருக்கும் சம பாகம்.

2021இல் மெட்ரோ விம்கோ நகர் வரை வந்ததிலிருந்து ஜாயின்ட் வென்ச்சர் (நிலம் நம்முடையது, கட்டுவது பில்டர், ஃப்ளாட்டைப் பங்கு போடுவது) கேட்டு ஆள் மாற்றி ஆள் வருகிறார்கள். ஒரு பில்டர் ஸ்டில்ட் (கீழே தூண்கள் மட்டும் நிற்கிற பார்க்கிங் தளம்) பிளஸ் நாலு மாடி, மொத்தம் 8 ஃப்ளாட், எங்களுக்கு 4 அவருக்கு 4 என்கிறார். இன்னொருவர் மூன்று மாடிதான், அதிலேயே 8 போட்டுவிடலாம் என்கிறார். தெரிந்த ஆர்க்கிடெக்ட் ஒருவர் மனை அகலத்தைப் பார்த்துவிட்டு 6க்கு மேல் போகாதீர்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார், காரணம் சொல்லவில்லை. பெரியப்பா 8 என்றதும் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார், இப்போது 6 என்றால் வீட்டில் சண்டை வரும்.

எனக்குப் புரியாதது இதுதான். மனை பரப்பு அதே 2400, எஃப்எஸ்ஐ (மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற கணக்கு) எல்லாருக்கும் அதே 2, அப்புறம் ஆளுக்கு ஒரு எண்ணிக்கை எப்படி வருகிறது? பக்கத்து வீடுகள் எல்லாம் சுவரோடு சுவர் ஒட்டித்தான் நிற்கின்றன, நாங்கள் மட்டும் ஏன் இடம் விட வேண்டும்? விஷயம் தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்குங்கள்.

---

சைட் என்ஜினியர்:

தம்பி, எஃப்எஸ்ஐயைப் பிடித்துக்கொண்டு தொங்கினால் இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காது. சின்ன மனையில் கட்டடத்தின் வடிவத்தை முடிவு செய்வது அகலம்தான். உங்கள் கணக்கையே போட்டுப் பார்ப்போம்.

2019இல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளில் சாதாரணக் கட்டடத்துக்கு எஃப்எஸ்ஐ 1.5லிருந்து 2 ஆனது. அதனால் உங்களுக்கு 4800 சதுர அடி. பணம் கட்டிக் கூடுதலாக வாங்குகிற பிரீமியம் எஃப்எஸ்ஐ என்று யாராவது ஆசை காட்டினால் நம்பாதீர்கள், 9 மீட்டருக்குக் குறைந்த சாலைக்கு அது கிடையாது, உங்கள் தெரு 5 மீட்டர்கூட இல்லை. ஸ்டில்ட் பிளஸ் நாலும் அப்படித்தான். ஸ்டில்ட் பிளஸ் மூன்று வரைதான் சின்னக் கட்டடப் பிரிவு. உயர வரம்பு முன்பு 12 மீட்டர், 2024 திருத்தத்தில் 14 ஆக்கினார்கள். அதைத் தாண்டினால் வேறு பிரிவு, அகலமான சாலை வேண்டும், சுற்றிலும் விடவேண்டிய இடமும் கூடும். 16 அடித் தெருவில் அந்தப் பேச்சே வேண்டாம். முதல் பில்டரை இத்தோடு விட்டுவிடலாம்.

இனி அகலம். குறுகிய மனைக்கு ஒரு பக்கம் மட்டும் செட்பேக் (எல்லையை ஒட்டி விட வேண்டிய காலி இடம்) விட்டால் போதும் என்ற சலுகை விதியிலேயே உண்டு. ஒரு பக்கம் 5 அடி விட்டால் கட்டடம் 19 அடி அகலம். முன்னும் பின்னும் ஐந்தைந்து அடி போனால் நீளம் 90. ஆக மாடிக்கு 1710 சதுர அடி, மூன்று மாடிக்கு 5130. அனுமதி 4800தான். அதாவது மாடிக்கு 110 சதுர அடி, இடம் இருந்தும் நீங்கள் கட்ட முடியாது. பில்டர் இந்த 110ஐ எங்கே கழிப்பார் என்பதைத்தான் நீங்கள் பார்க்க வேண்டும்.

மூன்றாவது மாடியில் மொட்டையாக ஒரு மூலையை வெட்டிக் கழிக்கலாம், பின்பக்கம் கொஞ்சம் குறைக்கலாம், இல்லை மூன்று அடிக்கு மூன்று அடியில் காற்றுக்கான குழியை, டக்ட் டக்டாகப் போட்டுக் கழிக்கலாம். நான் சொல்வது, மொத்தத்தையும் ஒரே இடத்தில் வைத்து 10 அடிக்கு 11 அடி ஓடிஎஸ் (வானம் பார்த்த உள்முற்றம்) ஒன்று கட்டடத்தின் நடுவில் விடுங்கள். தேசியக் கட்டட விதித்தொகுப்பு, ஹாலோ பெட்ரூமோ உள்முற்றத்தைப் பார்த்துத் திறந்தால் அந்த முற்றம் 3 மீட்டர் அகலமாவது இருக்க வேண்டும் என்கிறது. உங்கள் 110 சதுர அடியில் அது அச்சாக உட்காரும். பாத்ரூம் மட்டும் திறக்கிற ஷாஃப்டுக்கு 12 மீட்டர் உயரக் கட்டடத்தில் 2.8 சதுர மீட்டர், 18 மீட்டர் வரை 4 சதுர மீட்டர் என்று அதிலேயே இருக்கிறது. ஆனால் அந்தத் தொகுப்பு ஒரு பரிந்துரை, அனுமதி வாங்க மாநில விதிதான் சட்டம். அந்த இடைவெளியில்தான் பல பில்டர்கள் பிழைக்கிறார்கள்.

முற்றத்தைப் பொதுச்சுவர்ப் பக்கம் வையுங்கள், அங்கே எப்படியும் ஜன்னல் போட முடியாது. அதற்கு எதிரே மிச்சமிருக்கிற 9 அடியில் படிக்கட்டு. ஒரு மீட்டர் அகலத்தில் இரண்டு ஓட்டம், சுவரோடு சேர்த்து எட்டு அடி ஆகிவிடும். முன்னால் ஒரு ஃப்ளாட், பின்னால் ஒரு ஃப்ளாட். மாடிக்கு இரண்டு, மொத்தம் 6. உங்கள் ஆர்க்கிடெக்ட் மனதில் இருந்தது இதுவாகத்தான் இருக்கும்.

8 வேண்டுமென்றால் குறைந்தது இரண்டு மாடியில் மூன்று மூன்று போட வேண்டும். நடுவில் ஒரு ஃப்ளாட் மாட்டிக்கொள்ளும். அதற்குத் தெருவும் கிடையாது, பின்பக்கமும் கிடையாது, ஒரு பக்கம் பொதுச்சுவர், மறுபக்கம் 5 அடிச் சந்து, அந்தச் சந்துக்கு அந்தண்டை பக்கத்து வீட்டுச் சுவர். பின் ஃப்ளாட்டுக்குப் போக நடைபாதையும் அதே 19 அடியில்தான் போக வேண்டும், நாலு அடி அதற்குப் போய்விடும். 4800ஐ 8ஆல் வகுத்தால் 600. அதில் படிக்கட்டு, நடைபாதைப் பங்கு, சுவர் எல்லாம் போக உள்ளே கால் வைக்க 430 தேறினால் அதிகம். அதை விற்கும்போது 600க்கும் மேல் ஏதாவது ஒரு எண்ணைச் சொல்லி விற்பார்கள், அது தனிக் கதை.

---

பழைய வண்ணை அக்கா:

நாங்கள் அந்த நடு ஃப்ளாட்டில்தான் இருக்கிறோம், அதனால் சொல்கிறேன். பகலில் ஹாலில் லைட் போடாமல் பேப்பர் படிக்க முடியாது. கிச்சன் ஜன்னலைத் திறந்தால் டக்ட். கீழ் வீட்டில் நெத்திலி வறுத்தால் எங்கள் பெட்ரூமில் தெரியும், மேல் வீட்டுக்காரர் காலையில் தொண்டையைச் செருமுவது எல்லாருக்கும் அலாரம். டக்ட் அடியில் யார் போட்டது என்று தெரியாத துணி, பிளாஸ்டிக் கவர், புறா எச்சம். சுத்தம் செய்ய உள்ளே ஆள் இறங்க கதவே வைக்கவில்லை, முதல் மாடி பாத்ரூம் வென்டிலேட்டரைக் கழற்றித்தான் இறங்க வேண்டும்.

வாங்கும்போது பிளானில் ஜன்னல் இருக்கிறதா என்று பார்த்தோம், இருந்தது. அது எதைப் பார்த்துத் திறக்கிறது என்று யாரும் பார்க்கவில்லை. என் மாமியார் வீடு இதே பக்கம், நீங்கள் சொல்கிற மாதிரி நீள வீடு, முற்றம் வைத்தது, அந்த வீட்டில் கரண்ட் இல்லாத ராத்திரிகூட தூங்கலாம். என்ஜினியர் அண்ணா சொன்ன முற்றத்தை விட்டுவிடாதீர்கள் தம்பி. பெரியப்பாவிடம் அந்த நடு ஃப்ளாட்டில் நீங்கள் குடியிருப்பீர்களா என்று கேளுங்கள், சண்டை தானாக முடியும்.

---

மிண்ட் தெரு:

எல்லாம் சரி, ஆனால் செட்பேக் விதியே நம்ம ஊருக்கு எழுதினது இல்லை ப்ரோ. அண்ணா நகர் மாதிரி 60 அடி, 80 அடி முகப்பு வைத்த லேஅவுட்டுக்கு எழுதிவிட்டு 24 அடி மனைக்கும் அதையே நீட்டுகிறார்கள். அங்கே ஐந்து அடி விட்டால் ஒன்றும் தெரியாது, இங்கே அகலத்தில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். அந்த ஐந்தடிச் சந்தில் வெளிச்சமும் வராது காற்றும் வராது, உடைந்த சைக்கிளும் பழைய சின்டெக்ஸ் மூடியும்தான் கிடக்கும். ஒட்டிக் கட்டி, அந்த இடத்தை உள்ளே முற்றமாக விட்டால் நல்லது என்று நம்ம முன்னோருக்குத் தெரிந்திருந்தது.

உங்களுக்கு ஒரு வழி இருக்கலாம். தொடர் கட்டடப் பகுதி என்று மாஸ்டர் பிளானில் ஒரு வகை உண்டு, அங்கே பக்கவாட்டு செட்பேக் வேண்டாம். எங்கள் ஜார்ஜ் டவுன் பக்கம் அப்படித்தான் கட்டுகிறார்கள். உங்கள் தெரு அதில் வருகிறதா என்று சர்வே எண்ணை வைத்து மாநகராட்சி மண்டலம் 4 அலுவலகத்தில் முதலில் கேளுங்கள். வந்தால் சைட் என்ஜினியர் போட்ட கணக்கு முழுக்க மாறும்.

---

சைட் என்ஜினியர்:

மிண்ட் தெரு சொல்வதில் பாதியை ஒத்துக்கொள்கிறேன். தொடர் கட்டடப் பகுதியா என்று பார்ப்பதுதான் முதல் வேலை. ஆனால் அங்கே கட்டினாலும் 4800 அதே 4800தான், கூடுதலாக ஒரு சதுர அடிகூட வராது. 24 அடி முழு அகலம் கிடைத்தால் முற்றத்தை இன்னும் பெரிதாக வைக்கலாம், லாபம் அவ்வளவுதான். முன்னோர் முற்றம் விட்டார்கள் சரி, இன்றைக்கு செட்பேக் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் எத்தனை பில்டர் அந்த இடத்தை முற்றமாக விடுவார்? சுவரோடு சுவராக ஒட்டிவிட்டு உள்ளே மூன்றடி டக்ட் வைப்பார். அக்கா சொன்னதுதான் நடக்கும்.

---

ஸ்ட்ரக்சுரல்காரன்:

மாடி எண்ணிக்கையை எல்லாரும் பேசியாகிவிட்டது, கீழே யாரும் குனிந்து பார்க்கவில்லை. ஸ்டில்ட்தான் இந்த மாதிரிக் கட்டடத்தில் ஆபத்தான இடம்.

பார்க்கிங்குக்கு மட்டும் விட்ட ஸ்டில்ட் எஃப்எஸ்ஐயில் சேராது, அதனால்தான் ஊர் முழுக்க எல்லாக் கட்டடமும் காலில் நிற்கிறது. மேலே மூன்று மாடிக்கும் செங்கல் சுவர், கீழே வெறும் தூண். நிலம் ஆடினால் மேல் மாடிகள் ஒரு கட்டியாக நகரும், வளைவு முழுவதும் அந்த ஸ்டில்ட் தூண்களின் தலையிலும் காலிலும்தான் விழும். 2001 பூஜ் நிலநடுக்கத்தில் அகமதாபாத்தில் இப்படிப்பட்ட ஃப்ளாட்கள்தான் உட்கார்ந்தன, அங்கிருந்து பூஜ் இருநூறு கிலோமீட்டருக்கு மேல். அதற்கு அடுத்த ஆண்டு வந்த, நிலநடுக்கத்துக்கான இந்தியத் தரவிதியான ஐஎஸ் 1893 பதிப்பில் சென்னையை நிலநடுக்க அபாயத்தில் இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றுக்குத் தூக்கினார்கள். மூன்றாம் மண்டலம் என்றால் ஐஎஸ் 13920 படி கம்பி கட்ட வேண்டும், அதன் 2016 பதிப்பில் தூணின் சிறிய பக்கம் குறைந்தது 300 மில்லிமீட்டர். சுவருக்குள் மறைகிற 9 இன்ச் தூண் என்பது 230தான். மேஸ்திரி 9 இன்ச் போதும் சார், சுவரில் தெரியாது என்பார். தெரிந்தால் தெரியட்டும், பெட்ரூம் மூலையில் மூன்று இன்ச் துருத்திக்கொண்டு இருக்கட்டும், பீரோவைத் தள்ளி வையுங்கள்.

இதையே பார்க்கிங்கில் பாருங்கள். 19 அடி என்பது 5.8 மீட்டர். இரண்டு பக்கமும் 300 தூண் போனால் நடுவில் 5.2 மீட்டர். கார் நிறுத்த இரண்டரைக்கு ஐந்து மீட்டர் வேண்டும். குறுக்காக நிறுத்தினால் பின்னால் இருப்பவன் வெளியே வர வழி இல்லை, நீளவாக்கில் ஒரே வரிசைதான். நடுவில் படிக்கட்டும் லிஃப்ட்டும் எடுத்துக்கொண்டது போக நாலு கார் நின்றால் பெரிய விஷயம். ஃப்ளாட் பெரிதானால் விதிப்படி கார் இடம் கேட்பார்கள், சின்னதாக இருந்தால் டூ வீலரோடு போய்விடும். 8 ஃப்ளாட் போடுகிறவர் எல்லாவற்றையும் சின்னதாக்குவதற்கு இதுவும் ஒரு காரணம். நாளைக்கு 8 வீட்டிலும் கார் வாங்கினால் அது 16 அடித் தெருவில்தான் நிற்கும்.

பொதுச்சுவர்ப் பக்கம் இன்னொரு தலைவலி. எல்லைக் கோட்டை ஒட்டித் தூண் வந்தால் அதன் ஃபுட்டிங் (தூணின் அடித்தளம்) பக்கத்து மனைக்குள் போக முடியாது, ஒரு பக்கமாக ஒதுங்கும், அதை ஸ்ட்ராப் பீம் போட்டு உள் தூணோடு கட்ட வேண்டும். பழைய வீட்டை இடிக்கும்போது பக்கத்து வீட்டு மரத்துலாம் உங்கள் பொதுச்சுவரில் தாங்கியிருக்கிறதா என்று பாருங்கள், மெட்ராஸ் டெரஸ் வீடுகளில் இது சகஜம். சுண்ணாம்புக் கலவைச் சுவர் பக்கத்தில் ஆழமாகத் தோண்டி ஒரு மழை பெய்தால் கதை கந்தல். மண் பரிசோதனை கட்டாயம் செய்யுங்கள், நம்ம பக்கம் ஒரு தெருவில் மணல், அடுத்த தெருவில் களி, தண்ணீர் வேறு மேலேயே நிற்கும்.

கடல் காற்று. காசிமேடு பக்கம் கட்டியவர்களுக்குத் தெரியும், பத்துப் பதினைந்து வருடத்தில் பால்கனி அடியில் கம்பி துருப்பிடித்துக் காரை உதிரும். ஐஎஸ் 456 கடலோரச் சூழலுக்கு எம்30 கிரேடு கான்கிரீட், கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் கவர் (கம்பியை மூடுகிற கான்கிரீட்) என்கிறது. தண்டையார்பேட்டை கொஞ்சம் உள்ளே என்றாலும் நான் என் டிசைனில் எம்25க்குக் கீழே இறங்க மாட்டேன். ஒப்பந்தத்தில் கிரேடு, கவர், தூண் அளவு மூன்றையும் எழுதி வாங்குங்கள், "முதல்தரக் கட்டுமானம்" என்று எழுதினால் அதற்கு ஒரு அர்த்தமும் கிடையாது.

---

தண்டையார்பேட்டை பேரன்:

இவ்வளவு விளக்கமாக எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை, எல்லாருக்கும் நன்றி. அக்கா எழுதினதை அப்பாவிடம் அப்படியே படித்துக் காட்டினேன், நெத்திலி வரியில் சிரித்தார். இரண்டு சந்தேகம். வேறு யாரும் 8ஐத் தாண்டாமல் ஏன் எல்லா பில்டரும் சரியாக 8லேயே வந்து நிற்கிறார்கள்? அப்புறம் மிக்ஜாம் புயலில் எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர், ஸ்டில்ட் இருப்பது அதற்கு நல்லதுதானே?

---

டாக்குமென்ட் பார்ப்பவன்:

8க்குக் காரணம் கட்டடத்தில் இல்லை, பேப்பரில் இருக்கிறது. ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை) சட்டத்தில் நிலம் 500 சதுர மீட்டருக்குள், அல்லது ஃப்ளாட் 8க்குள் என்றால் பதிவு வேண்டாம். ஒரு கிரவுண்ட் என்பது 223 சதுர மீட்டர், இரண்டு கிரவுண்ட் சேர்த்தாலும் 446தான். வடசென்னையில் கட்டுகிற சின்ன அபார்ட்மென்ட் பெரும்பாலும் ரெராவுக்கு வெளியே போவது இதனால். அடுத்தது கட்டட நிறைவுச் சான்று. அது இல்லாமல் ஈபி இணைப்பு, குடிநீர் இணைப்பு கிடையாது என்று 2019 விதி வந்தது. 2024 திருத்தத்துக்குப் பிறகு 14 மீட்டர் உயரம், 8 வீடு, 750 சதுர மீட்டருக்குள் இருக்கிற குடியிருப்புக்கு அந்தச் சான்று தேவையில்லை. உங்கள் 4800 சதுர அடி 446 சதுர மீட்டர். 8 ஃப்ளாட் போட்டால் எல்லாக் கதவும் அவருக்குத் திறந்தே இருக்கும்.

வீடு கட்டுகிற சாதாரணக் குடும்பத்துக்கு இது பெரிய நிம்மதி, நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் ஜாயின்ட் வென்ச்சரில் நிலம் கொடுப்பவருக்கு இதன் பொருள் வேறு: அனுமதி வாங்கிய பிளான்படி கட்டினாரா என்று முடிவில் வந்து அளக்க யாரும் வரமாட்டார்கள். பிளானில் காட்டிய ஓடிஎஸ் தளம் போடும்போது பாதியாகும், செட்பேக்கில் பால்கனி நீளும், ஸ்டில்டில் ஒரு ரூம் முளைக்கும். பிறகு ஃப்ளாட் வாங்குகிறவர் லோனுக்குப் போகும்போது பேங்க் வேல்யூவர் வந்து பிளானோடு ஒப்பிட்டுப் பார்ப்பார், அங்கே மாட்டும். அதனால் நிறைவுச் சான்று சட்டப்படி வேண்டாம் என்றாலும், ஒவ்வொரு தளம் போட்டதும் உங்கள் சார்பில் ஒரு என்ஜினியர் அளந்து கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த தளம் என்று ஒப்பந்தத்தில் சேருங்கள்.

யூடிஎஸ்ஸையும் (ஒவ்வொரு ஃப்ளாட்டுக்கும் சேர்கிற, பிரிக்காத நிலப் பங்கு) பெரியப்பாவுக்குக் காட்டுங்கள். 8 ஃப்ளாட் என்றால் ஆளுக்கு 300 சதுர அடி நிலம், 6 என்றால் 400. மூன்று பாகத்துக்கு 4 ஃப்ளாட்டைப் பிரிப்பதைவிட 3 ஃப்ளாட்டைப் பிரிப்பது சுலபம், அந்த நாலாவதை யாருக்குக் கொடுப்பது என்றுதான் பல குடும்பம் கோர்ட்டில் நிற்கிறது.

தண்ணீர் விஷயம்: ஸ்டில்டால் வீட்டுக்குள் தண்ணீர் வராது, அது நிஜம். ஆனால் மீட்டர் போர்டு, மோட்டார், சம்ப், லிஃப்ட் குழி எல்லாம் அங்கேதான் இருக்கும். கொருக்குப்பேட்டையிலும் வியாசர்பாடியிலும் 2023 டிசம்பரில் மேல் மாடியில் காய்ந்த தரையில் உட்கார்ந்துகொண்டு கரண்டும் தண்ணீரும் இல்லாமல் இருந்தவர்கள் நிறைய. தேசியத் தொகுப்பு பார்க்கிங் தரைக்கு 150 மில்லிமீட்டர் மேடு போதும் என்கிறது, ஒவ்வொரு முறை ரோடு போடும்போதும் தெரு ஏறுகிற ஊரில் அது எத்தனை வருடம் தாங்கும் என்று நீங்களே பாருங்கள்.

---

ஸ்ட்ரக்சுரல்காரன்:

உயரம் 14 ஆனதில் உங்களுக்கு லாபம் இங்கேதான். 12 மீட்டரில் மூன்று மாடி பத்துப் பத்து அடி போனால் ஸ்டில்டுக்கு மூன்று மீட்டர்கூட மிஞ்சாது, அதனால் யாரும் தரையை ஏற்றத் துணியவில்லை. இப்போது மூன்றடி ஏற்றினாலும் வரம்புக்குள் இருக்கும். 24 அடி முகப்பில் கார் ஏற சாய்தளம் எவ்வளவு நீளம் வரும், அது முன் செட்பேக்குக்குள் அடங்குமா என்பதைப் பிளான் போடும்போதே வரையச் சொல்லுங்கள். அடங்காவிட்டால் ஒன்றரை அடி ஏற்றுங்கள், மீட்டர் போர்டை முதல் லேண்டிங் உயரத்துக்குக் கொண்டுபோக ஈபியில் முன்கூட்டியே பேசுங்கள், சம்ப் மூடியை வெள்ளம் வந்த உயரத்துக்கு மேல் வாய் வைத்துக் கட்டச் சொல்லுங்கள்.

---

பழைய வண்ணை அக்கா:

தம்பி, முற்றத்துக்குக் கீழே ஸ்டில்டில் கதவு வையுங்கள், பெருக்க ஆள் போகிற மாதிரி. இதையும் ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.